ஒட்னியும் கையுறைக் கேள்வியும்

ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் மாடிச் சாப்பாட்டறையில், நான் போய்ச் சேர முன்னமே கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கோப்பை கழுவும் இயந்திரம் பழுதாகிக் கிடந்த காலம் அது. முதல் நாள் எல்லாரும் கோப்பி குடித்துப் போட்ட கோப்பைகளைக் காலையில் கையால் கழுவுவது என் வேலை. அந்தக் குளிரில் என் இரண்டு கைகளிலும் கரப்பான் என்கிற தோல் வருத்தம் வந்து விரல் மடிப்புகள் வெடித்திருந்தன. சுடுதண்ணீர் பட்டால் உயிர் போய் வரும். யாருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். யாரோ பகல் வேலைக்காரப் பிள்ளை உதவி செய்கிறாள் என்று நினைத்து மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு என்பாட்டில் இருந்தேன்.

ஒரு நாள் பேருந்து முந்தி வந்ததால் நான் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் அந்த மாடியில் வேலை செய்கிற ஒட்னி என்ற பெண்மணி கம்பளிச் சட்டையின் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டு நின்று கழுவிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் பிடிபட்ட பிள்ளை மாதிரி முகம் சிவந்துபோனது.

"எனக்கு யோசினை ஓடாட்டி கோப்பை கழுவுவன்" என்றார். "பழக்கதோசம். நீர் போய் மற்ற வேலையைப் பாரும், எமில்டா."

என் கையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கையைப் பார்க்கவும் இல்லை.

ஒட்னி ஐட்னெஸ் என்பது அவருடைய முழுப்பெயர். இங்கே பேர்கனில், தொழில் செய்கிறவர்களுக்கு அந்தத் தொழிலால் வரும் நோய் வருத்தங்களை ஆராய்கிற நிலையம் ஒன்றில் வேலை செய்தவர். நான் அந்த மாடியைத் துப்புரவு செய்தவள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பற்றி இரண்டு விதமாகக் கதைக்கிறார்கள். இரண்டையும் கேட்டவள் என்பதால் நான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதனால் அவர் தன் வேலையை எனக்குச் சொன்னபோது சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"நீங்கள் டொக்டரோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லை. முந்தி நேர்ஸ். இப்ப நான் ஒரு ஆளையும் சோதிக்கிறேல்லை. ஆக்களைச் சோதிச்சவை எழுதினதைச் சோதிக்கிறன்."

இரவு வேலை இருதயத்தைக் கெடுக்குமா, காதுக்கு அடைப்பான் போட்டால் இரைச்சலில் செவிடாகாமல் தப்பலாமா, உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய மேசை முதுகுவலிக்கு உதவுமா என்றெல்லாம் உலகத்தில் எத்தனையோ பேர் ஆராய்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் ஓம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். அத்தனையையும் ஒன்று விடாமல் தேடி எடுத்து, எது ஒழுங்காகச் செய்தது, எது அரைகுறை என்று பிரித்து, மிஞ்சியவற்றைச் சேர்த்து நிறுத்துப் பார்த்து ஒரு பதில் சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய தொழில். சில கேள்விகளுக்கு வருடக்கணக்கில் எடுக்கும். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அதற்குள் புது ஆய்வுகள் வந்திருக்கும். பழையதைத் திறந்து புதியதைச் சேர்த்துத் திரும்ப நிறுக்க வேண்டும்.

"அப்ப இது ஒருநாளும் முடியாதோ?"

"உம்மட தரை மாதிரித்தான். துடைச்சுப் போட்டுத் திரும்பினா ஒருத்தன் சப்பாத்தோட வருவான்."

ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று அவராகச் சொன்னது கொஞ்சம். ஹர்தாங்கர் பக்கம் பிறந்தவர். தகப்பன் உலைக்களத்தில் வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போனவர். அது தூசியால் வந்தது என்று ஒரு ஆய்வு சொன்னதாம், சுருட்டால் வந்தது என்று இன்னொன்று சொன்னதாம். இரண்டு பக்கத்து டொக்டர்மாரும் வழக்காடிக்கொண்டிருக்க மனுசன் கண்ணை மூடிவிட்டார். ஒட்னி கலியாணம் கட்டிச் சில காலம் இருந்தார். பிறகு கணவர் தெற்கே போய்விட்டார். அதைப் பற்றிக் கேட்டால் பகிடி விடுவார்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்காமல் தனித்தனிய யோசிச்சனாங்கள். முடிவு ஒண்டாத்தான் வந்தது. மூண்டாம் ஆள் தேவைப்படேல்லை."

அந்தப் பகிடி விளங்க வேண்டுமென்றால் அவர்களுடைய வேலைமுறை தெரிய வேண்டும். ஒவ்வொரு ஆய்வையும் இரண்டு பேர் வாசிப்பார்கள். ஒருவர் என்ன நினைக்கிறார் என்று மற்றவருக்குத் தெரியக் கூடாது. இவர் தன் அறையில் இருந்து குறிப்பார், அவர் தன் அறையில் இருந்து குறிப்பார். பிறகு இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். வேறுபட்டால் கணினியில் சிவப்பாகக் காட்டும். சிவப்பு வந்தால் இருந்து வாதாடுவார்கள், தீராவிட்டால் மூன்றாவது ஆள் தீர்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை. பச்சையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒட்னியோடு சேர்ந்து வாசிக்கிற இரண்டாவது ஆள் ஸ்டைனார். நெடுத்த மனிதர், பனிச்சறுக்குப் பைத்தியம். இருவருடைய அறையும் ஒட்டி ஒட்டி. வாசிப்பு நடக்கிற காலத்தில் இரண்டு பேரும் சாப்பாட்டறையில் எதிரெதிரே இருந்து பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த பாணைச் சாப்பிடுவார்கள். வாசிக்கிற விசயத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

"மலையில பனி எப்பிடி?"

"ஈரப்பனி."

"சறுக்குக்கட்டைக்கு என்ன மெழுகு?"

"சிவப்பு."

நிலையத்தின் தலைவி ராக்னில் இதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சிரித்தார். "உங்கள் ரெண்டு பேரையும் பாத்தா, கோவிச்சுக்கொண்டு ஒரு வீட்டில இருக்கிற புருசன் பெண்சாதி மாதிரி இருக்கு."

"அதைவிட மோசம்" என்றார் ஸ்டைனார். "வீட்டுக் கோவம் கெதியா ஆறும். இது கடைசித் தாள் மட்டும் இழுக்கும்."

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வேலை தொடங்க முன்னமே எதை எண்ணப் போகிறோம், எப்படி எண்ணப் போகிறோம் என்று எழுதி எல்லாரும் பார்க்க வெளியிட்டுவிட வேண்டும். விடை கண்ட பிறகு பிடிக்கவில்லை என்று கேள்வியை மாற்ற இயலாது. புதிதாகச் சேருகிற ஆட்களுக்கெல்லாம் இதை ஒட்னிதான் படிப்பித்தார். கதவு திறந்திருந்தால் எனக்கும் கேட்கும்: "விடை தெரிஞ்சாப் பிறகு கேள்வி கேக்கிறவனை நம்பாதையுங்கோ. அது நானாயிருந்தாலும் நம்பாதையுங்கோ."

என் கை வெடித்த அந்தக் குளிருக்கு அடுத்த வருடம், துப்புரவு வேலைகளுக்குப் பொறுப்பான அரச அலுவலகம் ஒன்று நிலையத்திடம் ஒரு கேள்வி கேட்டது. ஈரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ரப்பர் கையுறைக்குள்ளே பருத்தி உள்ளுறை கொடுத்து, வேலை நேரத்திலேயே கையைக் காயவிட்டுக் களிம்பு பூச ஒரு இடைவேளையும் கொடுத்தால் கரப்பான் குறையுமா? ஒட்னியும் ஸ்டைனாரும் அதை எடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து டொக்டர் கையைப் பார்த்து வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்வதைத்தான் எண்ணுவோம் என்று முன்கூட்டி எழுதி வெளியிட்டார்கள்.

கிடைத்த ஆய்வுகள் பலவும் சின்னன். அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. ஜெர்மனியில் செய்த ஒன்று மட்டும் பெரியது. அது ஓம், நன்றாகக் குறைகிறது என்றது. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தபோது அந்தப் பெரியதன் பாரத்தால் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. பயன் உண்டு என்று எழுதினார்கள். அலுவலகமும் நல்ல மனதோடு ஏற்று, உள்ளுறையும் களிம்பும் இடைவேளையும் எங்கள் எல்லாருக்கும் தந்தது.

என் கை ஆறியது. செபமாலையைத் துணி சுற்றாமல் பிடிக்கக்கூடியதாக இருந்தது. என்னோடு வேலை செய்த டனூட்டா போலந்துக்காரி. வாய் சும்மா கிடக்காது. இடைவேளையில் இரண்டு கையையும் தூக்கிக் காற்றில் ஆட்டிக்கொண்டு, "பாரடி எமில்டா, ராசாத்தி மாதிரி இருந்து கை காயவிடுறம். உன்ர ஒட்னி நல்லாயிருக்க வேணும்" என்பாள்.

பிறகு ஜெர்மனிக்காரர்கள் இரண்டாவது கட்டுரை ஒன்று வெளியிட்டார்கள். அதே ஆட்களை இன்னும் கொஞ்சக் காலம் கவனித்து எழுதியது. தாங்கள் சேர்த்து நிறுத்து எழுதிய மீளாய்வைப் புதுப்பிக்க ஒட்னி அதை எடுத்து வாசித்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் மாடியில் வாஃபிள் சுடுவார்கள், வாசம் அறைகளுக்கு நடுவே போகிற ஓடை முழுக்கப் பரவும். எல்லாரும் தட்டோடு போகிறார்கள், ஒட்னி மட்டும் வரவில்லை. ஒரு தட்டில் ஜாம் வைத்து நான் கொண்டுபோனேன். மேசையில் பழைய கட்டுரையும் புதியதும் திறந்து கிடந்தன. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டைனாரைக் கூப்பிடும்" என்றார். "நீர் இரும். நீரும் கேக்கலாம்."

ஸ்டைனார் வாயில் வாஃபிளோடு வந்தார்.

"இதில ஆக்களை ஒவ்வொருத்தராப் பிரிக்கேல்லை" என்றார் ஒட்னி. "கட்டிடம் கட்டிடமாப் பிரிச்சிருக்கினம். ஒரு கட்டிடத்து ஆக்கள் எல்லாருக்கும் கையுறை. இன்னொரு கட்டிடத்து ஆக்கள் ஒருத்தருக்கும் இல்லை. நாங்கள் தனித்தனி ஆளா எண்ணிச் சேர்த்துப்போட்டம்."

"புதுக் கட்டுரையிலதானே அப்பிடிச் சொல்லியிருக்கு?"

"பழையதிலயும் இருக்கு. முறையைச் சொல்லுற இடத்தில, கடைசியில. நீரும் தவறவிட்டீர், நானும் தவறவிட்டன். ரெண்டு பேரும் ஒண்டாக் குறிச்சம். பச்சை வந்தது. மூடிட்டம்."

ஸ்டைனார் வாஃபிளை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

நான் விளங்காமல் நின்றதைப் பார்த்து ஒட்னி சொன்னார்: "ஒரு கட்டிடத்து ஆக்களுக்கு ஒரே தண்ணி, ஒரே சவர்க்காரம், ஒரே மேற்பார்வைக்காரர். ஒரு வீட்டில உள்ள எல்லாரும் வந்து ஒரே சாட்சி சொன்னா, நீர் அதைத் தலைக்கு ஒரு சாட்சியா எடுப்பீரோ?"

"எடுக்க மாட்டன்."

"நாங்கள் எடுத்திட்டம்."

அவர் அன்றைக்கே திருத்திக் கணக்குப் பார்த்தார். பெரிய ஆய்வின் பாரம் இறங்கிவிட்டது. மிஞ்சிய பதில்: பயன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. கையுறைத் திட்டத்தை நீடிப்பதா விடுவதா என்று அந்த அலுவலகம் முடிவெடுக்க இருந்ததும் அந்த இலையுதிர் காலத்தில்தான்.

அன்றிலிருந்து அவருடைய கதவு மூடியே இருந்தது. சாப்பாட்டறைக்கும் வருவது குறைந்துவிட்டது. இடத்தை விட்டு எழும்பாத ஆள், ஓடையில் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நடந்தார், யன்னலடியில் நின்றார், திரும்ப நடந்தார். நான் தரை துடைத்துக்கொண்டு பின்னால் போனேன். ஈரத்தில் அவருடைய காலடி பதிந்து கிடந்தது.

ஸ்டைனார் நல்லவர். அவர் சொன்னதும் கெட்ட எண்ணத்தில் இல்லை. அறைக் கதவடியில் நின்று மெல்லத்தான் சொன்னார், என் காதிலும் விழுந்தது.

"ஒட்னி, கையுறை ஒருத்தருக்கும் கேடு செய்யாது. அநேகமாப் பயனும் இருக்கும். நீரும் அப்பிடித்தானே நினைக்கிறீர்?"

"நினைக்கிறன்."

"பிறகென்ன? அடுத்த புதுப்பிப்பில பாப்பம். அதுக்கிடையில ஆராவது வேற நல்ல ஆய்வு செய்திருப்பினம். வெளியில ஒருத்தரும் இதைக் கண்டுபிடிக்கப் போறேல்லை."

"நாங்கள் கண்டிட்டமே."

"ரெண்டு பேரும் சேர்ந்து காணாமல் விட்டம். ரெண்டு பேரும் சேர்ந்து கொஞ்சக் காலம் காணாமல் இருக்கலாம்."

"அப்ப உம்மை எதுக்கு வைச்சிருக்கிறாங்கள், ஸ்டைனார்? நான் காணாததைக் காணத்தானே?"

அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

தலைவி ராக்னில் வேறு மாதிரிச் சொன்னார். "திருத்த வேணுமெண்டாத் திருத்தும், நான் மறிக்கேல்லை. ஆனா ஒண்டு தெரிஞ்சுகொள்ளும். நீர் 'தெரியாது' எண்டு எழுதுவீர். அவை அதை 'இல்லை' எண்டுதான் வாசிப்பினம். வாற கிழமையே கையுறைப் பெட்டியளைத் திருப்பி எடுப்பினம்."

"வாசிக்கிறவையின்ர பிழைக்கு நான் என்ன செய்ய?"

"அதைப் போய் உம்மட துப்புரவுக்காரருக்குச் சொல்லும்."

ஒட்னி எனக்கும் அதைச் சொன்னார். நான் குப்பைக் கூடையை எடுக்கப் போனபோது, "கதவைச் சாத்திப்போட்டு இரும்" என்றார். இருந்தேன்.

"வேற ஒரு வழி தேடினனான், எமில்டா. அந்த ஆய்வுகளில ஆக்களைக் கேட்டும் எழுதியிருக்கினம், கை நோ குறைஞ்சதோ எண்டு. அதை எடுத்தா விடை நல்லா வரும்."

"அப்ப அதை எடுங்கோவன்."

"ஏலாது. டொக்டர் பாத்ததைத்தான் எண்ணுவன் எண்டு முதலே எழுதி வெளியில விட்டிட்டன். விடை கண்ட பிறகு இப்ப அதை மாத்தினா... நான் ஆருக்குப் படிப்பிச்சனானோ, அவையே வந்து என்ர பிழையைக் குறிப்பினம். பிறகு, கையுறை கிடைச்ச ஆளிட்டக் கேட்டா, கை சுகம் எண்டுதான் சொல்லும்."

எனக்குக் கொஞ்சம் நொந்தது. "அப்ப என்ர கை? அது பொய்யோ?"

"இல்லை. உம்மட கை ஆறினதை நான் கண்டனான்." அவர் எழும்பிப் போய் யன்னலைத் திறக்கப் பார்த்தார். அந்தக் கட்டிடத்து யன்னல்கள் ஒரு விரலளவுக்கு மேலே திறபடாது. மழைச்சாரல் மட்டும் உள்ளே வந்தது. "அதே குளிர்காலத்தில உங்களுக்குச் சவர்க்காரத்தையும் மாத்தினவை. நீர்தான் எனக்குச் சொன்னனீர். எதால ஆறினது? எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியுமோ?"

நானே சொன்னதுதான். புதுச் சவர்க்காரத்துக்கு வாசம் இல்லை என்று குறைபட்டுக்கூடச் சொல்லியிருந்தேன். எனக்கும் தெரியாது என்றேன்.

"பொய் எழுதினா நான் இந்த வேலைக்கு ஆகாதவள். உண்மை எழுதினா உங்கட கையில இருந்து கையுறையைக் கழட்டுறவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான், எமில்டா. சுவரையும் நானே கட்டி வைச்சிருக்கிறன்."

அவர் சுவிசேச சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். கோயிலுக்குப் போகிறவர் அல்ல. நான் செபிக்கட்டுமா என்று கேட்டேன்.

"செபியும். ஆனா எனக்கு விடை சொல்லித்தர வேணாம் எண்டு சொல்லும். எனக்கு விடை தெரியும். பலத்தைத் தரச் சொல்லும்."

இதை நான் டனூட்டாவுக்குச் சொல்லவில்லை. கையுறைக் கணக்கைத் திருத்தாமல் விடுங்கள் என்று ஒட்னியிடமும் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது உண்மை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்க முடியாது. வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு என்ன கேட்பதென்று தெரியாமல் இருந்தேன். கையுறை வேண்டும் என்று கேட்டால் அவர் பொய் எழுத வேண்டும் என்று கேட்டதாகிவிடும்.

திருத்தம் வெளிவந்தது. பிழையை ஒட்னி தன் மேலேயே போட்டு, எங்கே தவறவிட்டோம் என்று இடத்தையும் சொல்லி, ஸ்டைனாரின் பெயருக்கு முன்னால் தன் பெயரை வைத்து எழுதியிருந்தார். ஸ்டைனாரும் கையொப்பம் வைத்தார். கடைசியில், ஒழுங்கான புது ஆய்வு ஒன்று செய்து முடியும் வரை திட்டத்தை நிறுத்த வேண்டாம் என்று ஒட்னி அந்த அலுவலகத்துக்குத் தனியாகவும் எழுதிக் கேட்டிருந்தார்.

ராக்னில் சொன்னதுதான் நடந்தது. முதலில் இடைவேளை நின்றது. உள்ளுறைப் பெட்டிகள் முடிந்தபோது புதிது வரவில்லை. ஒட்னியின் திருத்தத்தைக் காட்டி, பயனென்று நிரூபிக்கப்படவில்லை என்று மேற்பார்வைக்காரர் அறிவித்தார்.

டனூட்டா ஈர மொப்பையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. ஒட்னியின் கதவைத் தள்ளினாள்.

"நீங்களோ எங்கட கையுறையைக் கழட்டினது?"

"நான்தான்" என்றார் ஒட்னி, எழும்பி நின்று.

"கண்டிட்டும் பேசாமல் இருந்திருக்கலாம்தானே? ஆர் கேட்டது? உங்களுக்கென்ன, நீங்கள் தாளைத் தொடுறனீங்கள். தாள் கடிக்குமோ? வாருங்கோ, ஒரு நாள் என்ர வாளிக்குள்ள கையை விட்டுப்பாருங்கோ!"

"நீங்கள் சொல்லுறது சரி."

"சரியெண்டா ஏன் எழுதினனீங்கள்?"

டனூட்டா ஒரு பாட்டம் பேசிவிட்டு, மொப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக் கம்பளம் நனைந்ததைக் கண்டு, "இந்தா, இதையும் எமில்டாதான் துடைக்க வேணும்" என்று அழுதுகொண்டு இறங்கிப் போனாள். அடுத்த பனிக்கு அவளுடைய கை என்னுடையதைவிட மோசமாகி, வேலையை விட்டுவிட்டுத் தமக்கையிடம் போனாள். ஒட்னியின் பெயரை யாராவது எடுத்தால் இன்றைக்கும் அவள் தொலைபேசியை வைத்துவிடுவாள்.

என் கையும் வெடித்தது. பருத்தி உறையை நானே கடையில் வாங்கிப் போட்டேன். சில நாள் சுகம், சில நாள் இல்லை.

அதன் பிறகு ஒட்னி செய்ததெல்லாம் ஒரே வேலை. கையுறைக் கேள்விக்கு ஒழுங்கான ஆய்வு ஒன்றை யாரையாவது செய்யவைக்கப் பார்த்தார். அவர் தொழிலில் தானே ஆய்வு செய்வதில்லை, மற்றவர்கள் செய்ததைச் சேர்ப்பதுதான். "ஆரும் செய்யாததை நான் என்னெண்டு சேர்க்கிறது?" என்பார். பல்கலைக்கழகங்களுக்கு எழுதினார். தொழிற்சங்கத்தில் போய்ப் பேசினார். ஒரு இடத்தில், அது பயனில்லை என்று ஏற்கெனவே தெரிந்த விசயம்தானே, உங்கள் நிலையமே சொல்லியிருக்கிறதே என்று மறுமொழி வந்தது. அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். நான் அந்த மாடியில் கேட்ட சிரிப்புகளில் அதுதான் கேட்க முடியாதது.

ஓய்வு பெற்ற நாளில் மார்சிபான் கேக் வெட்டினார்கள். ராக்னில் நன்றாகப் பேசினார். அடுத்த திங்கட்கிழமை ஒட்னி வந்து அதே மேசையில் இருந்தார். கையுறை மீளாய்வைப் புதுப்பிக்க வேறு ஆள் இல்லை, அதனால் ஒரு மூலையை விட்டுவைத்தார்கள். திரும்பத் திரும்பத் தேடினார். புதிதாக ஒன்றும் இல்லை. ஸ்டைனாரும் அந்தப் பக்கத்து அறையிலிருந்து அதே ஒன்றுமில்லை என்பதைத் தனியாகத் தேடி உறுதிப்படுத்தினார்.

"பச்சையோ?" என்று ஒட்னி சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பார்.

"பச்சை" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"அப்ப திரும்பப் பாரும்."

"ஒண்டுமில்லாததை எத்தினை தரமம்மா பாக்கிறது?"

"ரெண்டு பேரும் ஒண்டாக் காணாமல் விட்ட ஆக்கள் நாங்கள். பாரும்."

முணுமுணுத்துக்கொண்டு பார்ப்பார்.

வேறு ஊருக்குப் போங்கள், மலைவீட்டில் போய் இருங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "அந்தக் கேள்வியைத் திறந்துபோட்டு வெளியில போக எனக்குக் கால் வரேல்லை" என்றார். தகப்பனைப் போல இவருக்கும் நெஞ்சு கெட்டது, ஆனால் இவருக்கு அது வேறு வருத்தம். மூச்சு இளைத்து மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகுதான், உல்விக்கில் இருக்கிற தமக்கை போர்கில்டிடம் போகச் சம்மதித்தார்.

பேருந்து நிலையத்துக்கு நான் கூடப் போனேன். ஸ்டைனார் பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பி வாங்கப் போனார். ஒட்னி படியில் ஒரு கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வரும் வரை நின்றார். நான் என் கையைப் பையின் கீழே வைத்திருந்தேன். அவர் அதை இழுத்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தது அதுதான் முதல் தரம். வெடிப்பு இருந்தது.

பின்னால் நின்றவர்கள் ஏற வேண்டும் என்று சாரதி குரல் கொடுத்தார். ஒட்னி என் கையை விடவில்லை.

"எமில்டா, எண்டைக்காவது ஆராவது வந்து இந்த ஆய்வைச் செய்யப் போறம் எண்டா, நீர் பேர் குடும். அவை ஆக்களைக் குலுக்கிப் போட்டு, கையுறை உள்ள குழு, இல்லாத குழு எண்டு பிரிப்பினம். எந்தக் குழுவில போட்டாலும் கோவிக்காதையும். கையுறை இல்லாத குழுவில போட்டாலும் விட்டிட்டுப் போகாதையும், கடைசி மட்டும் நில்லும்."